பெட்டி பிரிக்காத பேனாக்கத்தி

போன வருடம், மழைக்கு வானம் கறுத்திருந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம், கொட்டாஞ்சேனையில் நடந்தது இது. வெள்ளவத்தையில் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ் பிடித்து அங்கே போனது ஒரு பேனாக்கத்திக்காக. கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வயதுப் பெண், காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை, ஒரு மகளுக்குத் தாய். இப்படிப்பட்டவளுக்கு மடக்குக் கத்தி சேர்க்கிற பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று என் அம்மா இன்றைக்கும் கேட்பார்.

எல்லாக் கத்திகளும் இல்லை. ஒரே ஒரு பட்டறையின் கத்திகள் மட்டும்தான். வெளிநாட்டில் ஏதோ ஒரு மலையடிவாரச் சிற்றூரில் ஏழெட்டுப் பேர் மட்டும் வேலை செய்கிற சின்னப் பட்டறை அது. அவர்கள் விளம்பரம் செய்வதில்லை. மரப்பிடி, விரல் நீளத்துக்கு அலகு, அலகின் அடியில் கடுகளவு ஒரு பறவை முத்திரை. அந்தப் பறவையின் வாலை ஒவ்வொரு தொழிலாளியும் கொஞ்சம் வேறு மாதிரிக் கொத்துவார். வாலைப் பார்த்தே இன்னாரின் கை என்று சொல்லிவிடலாம். மடக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் பதினொரு பேர். அதில் பெண் நான் ஒருத்திதான்.

சேகரிப்பவர்களுக்குள் ஒரு பெரிய ஆசை உண்டு. பட்டறையிலிருந்து வந்தபடியே, மெழுகுத்தாள் சுற்றி, நூல் கட்டி, பெட்டிக்குள் ஒருதரம்கூடப் பிரிக்காமல் இருக்கிற கத்தி. அப்படி ஒன்று கொட்டாஞ்சேனையில் ஒருவரிடம் இருப்பதாகக் குழுவில் படம் வந்தபோது எனக்கு இரண்டு நாள் வேலையில் மனம் ஓடவில்லை.

அவர் கப்பல்களில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலடிக்குப் பக்கத்து ஒழுங்கையில் மாடி வீடு. என்னிடமிருந்த இரண்டு கத்திகளை விற்ற காசைக் கொடுத்து அந்த ஒன்றை வாங்குவதாகப் பேச்சு. நான் போனபோது அதே பட்டறையின் கத்தி ஒன்றால் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பிடி தேய்ந்து, அலகு பாதியாகியிருந்தது. எங்கள் குழுவில் யாரும் அதைப் பழத்தில் வைக்கவே மாட்டார்கள். ஏதோ ஒரு துறைமுகத்தில் இரண்டு வாங்கினாராம். ஒன்று தேய்ந்தால் மற்றது என்று வைத்திருந்தாராம், முதலாவது தேய்ந்து முடியவே இல்லையாம்.

பெட்டியைக் கையில் வாங்கினேன். மூடியைத் தூக்கி, மெழுகுத்தாளின் மேல் நூல் கட்டு அப்படியே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடினேன்.

"தொறந்து பாக்கல்லையா மகள்? வெட்டுமோ வெட்டாதோண்டு தெரியாம கொண்டு போறீங்க" என்றார்.

"வேண்டாம் அங்கிள், இப்பிடியே இருக்கட்டும்" என்றேன்.

பெட்டியைக் கைப்பைக்குள் வைத்தபோதுதான் அந்தப் பயம் வந்தது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது வயதில் கொழும்புக்கு வந்தவள். ஒவ்வொரு சந்தியிலும் கைப்பையைத் திறந்து காட்டி நடந்த யுத்த காலம் ஒன்று இருந்தது. அது முடிந்து வருடக்கணக்காகிறது. ஆனாலும் பொலிஸ்காரரைக் கண்டால் என் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடும். கத்தி எதையும் வீட்டுக்கு வெளியே கொண்டு போவதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்திருந்தேன். அன்றைக்கு மட்டும் வேறு வழியில்லை. பஸ்ஸில் போகப் பயந்து ஒரு த்ரீவீலை மறித்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் மனிதர் ஓட்டினார். மாளிகாவத்தையில் வீடு என்றார். நான் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சந்தி தாண்டி ஒரு முந்நூறு மீற்றர் போயிருப்போம். எங்களுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டியவருக்குப் பின்னால் சல்வார் போட்ட ஒரு பெண். அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த சாலின் ஒரு நுனி காற்றில் பறந்துகொண்டிருந்தது. சால் பின் சில்லுக்குள், சக்கரக் கம்பிகளுக்கு நடுவே போகப்போகிறதே என்று நான் நினைத்து முடிக்கவில்லை, அது போய்விட்டது. அவள் தலை ஒரே இழுப்பில் பின்னுக்குச் சாய்ந்தது. மோட்டார் சைக்கிள் கொஞ்சத் தூரம் இழுபட்டு நின்றது. அவள் பின் சில்லோடு ஒட்டியபடி பாதி தொங்கினாள். சால் கழுத்தைச் சுற்றிக் கயிறு மாதிரி முறுகியிருந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. அதுதான் பயங்கரம். ஒரு மனுசி சாகப்போகிற நேரத்தில் றோட்டில் ஹோர்ன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

எங்கள் த்ரீவீல்காரர் பாய்ந்து இறங்கினார். நானும் இறங்கினேன். இன்னும் மூன்று நான்கு பேர் ஓடிவந்தார்கள். அவர் சாலுக்குள் விரலை விடப் பார்த்தார், போகவில்லை. ஒருவர் சில்லைப் பின்னுக்குச் சுற்றப் பார்த்தார், அது இறுகிப்போயிருந்தது. அவளுடைய கால்கள் தாரில் அடித்துக்கொண்டிருந்தன.

"யார்ட்டயாச்சும் வெட்டுற சாமான் ஈக்கா? கத்தி, பிளேட், என்னவாச்சும்?" என்று த்ரீவீல்காரர் கத்தினார். பிறகு சிங்களத்திலும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ், பேக்ல ஏதாச்சும் ஈக்கா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

இதைத்தான் நான் எழுத உட்கார்ந்தது. கை பையின் மேல் இருந்தது. பெட்டியின் விளிம்பு விரலில் தெரிந்தது. யாரோ ஒருவர் பக்கத்துக் கடைக்குக் கத்தி எடுக்க ஓடுவதைக் கண்டேன். அவர் கொண்டுவந்துவிடுவார் என்று நினைத்தேன். நடு றோட்டில் ஒரு தமிழ்ப் பெண் பையிலிருந்து கத்தி எடுத்தால் என்னாகும் என்று நினைத்தேன். பிற்பாடு பலரிடம் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்கும் முன்னால் என் மனதில் வந்தது மெழுகுத்தாளும் அந்த நூல் கட்டும்தான். அதைப் பிரித்தால் பிறகு அது 'பிரிக்காதது' இல்லையே என்ற எண்ணம். ஒரு உயிர் கண்முன்னால் துடிக்கும்போது எனக்குள் அந்த எண்ணம் வந்தது.

ஓடிய மனிதர் கடைக் கதவைத் தட்டினார். சனி பின்னேரம், பூட்டியிருந்தது. அவளுடைய ஒரு கால் அடிப்பதை நிறுத்தியது.

அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பது துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. பெட்டியைக் கிழித்தேன். நூலைப் பல்லால் கடித்தேன். அலகைத் திறக்கப் பள்ளத்தில் நகத்தை வைத்தால் வழுக்கியது. வருடக்கணக்கான பழைய கிறீஸ் பிசின் மாதிரி இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. விரலை என் சல்வாரில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். அலகு சடாரென்று திறந்து என் பெருவிரலைக் கீறியது. கழுத்துக்கும் சில்லுக்கும் நடுவில் அலகை வைத்து வெளிப்பக்கமாக அறுத்தேன். மூன்று இழுவை. சால் தெறித்து விட்டது. கத்தியின் நுனி சில்லுக் கம்பியில் பட்டு முறிந்தது.

த்ரீவீல்காரர் கழுத்தில் இருந்த முறுக்கைத் தளர்த்தினார். அவள் மூச்சு இழுக்கவில்லை. முகம் நீலம் பாய்ந்திருந்தது. பைக்கை ஓட்டிவந்த அவளுடைய கணவன் அவளை மடியில் கிடத்திப் பெயரைச் சொல்லிச் சொல்லித் தட்டினார். பிறகு கிணற்றடிக் கப்பி சுழல்கிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. இன்னொரு த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிழைத்தாளா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் கையில் இரத்தக் கத்தியோடு றோட்டில் நின்றேன். பொலிஸ்காரர் வந்து அதைத்தான் முதலில் பார்த்தார்.

"மேக காகேத?" என்றார். யாருடையது இது என்று.

என்னுடையது என்று சொல்ல எனக்குச் சிங்களம் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கதைக்கிற சிங்களம். அடையாள அட்டையைக் கேட்டார். பின்பக்கம் திருப்பிப் பிறந்த இடத்தை வாசித்தார். இப்படி ஒரு கத்தி ஏன் பையில் இருக்கிறது என்று கேட்டார். சேர்க்கிறேன் என்றேன். கத்தியையா என்றார். மகளைப் பியானோ வகுப்பிலிருந்து யார் கூட்டிவருவார்கள் என்று சம்பந்தமில்லாமல் யோசித்தேன்.

த்ரீவீல்காரர் போயிருக்கலாம். அவருக்கு நான் யாரென்றும் தெரியாது. அவர் என் பக்கத்தில் வந்து நின்று, "சேர், மே நோனா தமய் பேரகத்தே" என்றார். இந்த அம்மாதான் காப்பாற்றினவர் என்று. நடந்ததை முதலிலிருந்து சொன்னார். துண்டான சால் துணியை எடுத்துக் காட்டினார். என் பெருவிரலைக் காட்டி, இரத்தம் இவருடையது என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "பயப்புட வாணாம் மிஸ். நான் இங்கதான் ஈக்கிறேன்" என்றார்.

நான் பதில் சொல்லாமல் நின்ற நேரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்துத்தானே கேட்டார்.

கத்தியை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர், "அந்தக் கத்தியை விட்டுத் தள்ளு. ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கிறாய்" என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. ஞாயிறு முழுக்க அடுப்படியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தேன். 'மிஸ், பேக்ல ஏதாச்சும் ஈக்கா' என்பதிலிருந்து பெட்டியைக் கிழித்தது வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒருதரம் பத்து வினாடி வந்தது. இன்னொருதரம் பதினெட்டு. அலுவலகத்தில் இந்த வேலையைத்தான் நான் செய்கிறேன். உதவி கிடைக்க எவ்வளவு நேரமானது என்று விண்ணப்பங்களில் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறவள் நான். அவள் செத்திருந்தால் அந்தப் பத்து வினாடிக்கு வட்டம் போடுவது யார்?

திங்கட்கிழமை பொலிஸ் நிலைய வாங்கில் அவளுடைய கணவன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி ஓடிவந்தார். முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. "தப்பீட்டா அக்கா" என்றார். வாக்குமூலம் எழுதி முடிந்து, நுனி முறிந்த கத்தியை ஒரு கடித உறையில் போட்டுத் தந்தார்கள். அவளுடைய கணவன் விடவில்லை, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அவள் என்னைவிட எவ்வளவோ இளையவள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. குரல் காற்று மாதிரித்தான் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நன்றி சொல்லச் சொல்ல எனக்குப் பொறுக்கமுடியவில்லை. சொல்லிவிட்டேன். "தங்கச்சி, எனக்கு நன்றி சொல்லாதேங்கோ. கேட்ட உடனே நான் குடுக்கேல்ல. பெட்டியைப் பிரிக்க மனமில்லாமல் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

அவள் கையை எடுக்கவில்லை. ஆனால் பிடி தளர்ந்ததை உணர்ந்தேன். கட்டிலின் மறுபக்கம் நின்ற கணவன்தான் வாயைத் திறந்தார்.

"நானும் முதல்ல பைக்கைத்தான் பிடிச்சனான்" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். "பைக் விழப்போகுது எண்டு ஹேண்டிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். புதுப் பைக். உன்னைத் திரும்பிப் பாத்தது பிறகுதான்."

அதை அவர் அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டாள். அவர் கோப்பையைப் பிடிக்க, மெல்ல மெல்லக் குடித்தாள். விழுங்க நோகுது என்றாள். பிறகு என்னிடம், "எனக்கு எவ்வளவு நேரமெண்டு தெரியாது அக்கா. கத்தியைக் கண்டது மட்டும் ஞாபகம். என்னைக் குத்த வாறீங்களெண்டு நினைச்சு இன்னும் பயந்திட்டன்" என்றாள். அதற்கு அவளே சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. நேர்ஸ் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார்.

அவள் என்னை மன்னித்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினாள், நானும் அனுப்பினேன்.

கத்திச் சேகரிப்பாளர் குழுவில் நுனி முறிந்த கத்தியின் படத்தைப் போட்டு நடந்ததைச் சுருக்கமாக எழுதினேன். முதல் பதிலாக ஒருவர், 'ஐயோ, பெட்டியோட இருந்தது' என்று போட்டார். அரை நிமிடம் கழித்து, 'அந்தப் பிள்ளை எப்பிடி இருக்கிறா' என்று கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதே வரிசையில்தான் எழுதியிருப்பேன். சேர்ப்பதை நான் விட்டுவிடவும் இல்லை. அந்தப் பறவையின் வால் எனக்கு இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது.

த்ரீவீல்காரரைத் தேடி மாளிகாவத்தையில் இரண்டு தரம் விசாரித்தேன், கிடைக்கவில்லை. அன்று அவசரத்தில் அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மாறியிருக்கிறேன். யாராவது அவசரமாக ஏதாவது கேட்டால், "இருக்கு" என்று முதலில் வாயால் சொல்லிவிடுகிறேன். மனம் மெதுவாகப் பின்னால் வந்து சேரட்டும்.