ஓட்டையக்காவின் மூன்றாவது பூச்சு

என் அக்காவை ஆய்வகத்தில் பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் ‘ஓட்டையக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அந்தப் பக்கத்துத் தபால்காரன். கடிதம் கொடுக்கப் போனால் எனக்கே அந்தப் பெயர்தான் வாயில் வரும். அவளுக்குக் கோபமே வராது. குடும்பத்துக்குச் சேர்த்துக் கோபப்பட நான் இருந்தேன்.

அவள் வேலை அப்படி. எலும்பில் பள்ளம் விழுந்தவர்களுக்கு அதை அடைக்க ஒரு வெள்ளைத் துண்டு செய்வாள். ஸ்பாஞ்சை அளவாக வெட்டி, எலும்பில் இருக்கிற மாதிரியான கால்சியப் பொடியைக் குழைத்து, அதில் தோய்த்துப் பிழிந்து காயவைப்பாள். மறுபடி தோய்த்துப் பிழிந்து சூளையில் வைப்பாள். இரண்டே பூச்சு. ஸ்பாஞ்ச் எரிந்துபோகும், அதன் உருவம் மட்டும் ஓட்டைகளோடு கல்லாக நிற்கும். அந்த ஓட்டைகள் வழியாகப் புது எலும்பு உள்ளே வளர வளர, கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இடம் விடும். கட்டடம் எழும்பும்வரை சாரம் கட்டுவதில்லையா, அதுதான் இது என்பாள்.

“ஓட்டை போடுறதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்க பாரு!” என்று நான் கிண்டல் செய்வேன்.

வாய்க்கொழுப்பு. முப்பத்தெட்டு வயதில் எனக்கே முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் கட்டி வந்தது. உயிருக்கு ஆபத்தான வகை இல்லை. ஆனால் உள்ளேயிருந்து அரித்து எலும்பை முட்டை ஓடு மாதிரி ஆக்கியிருந்தது. சுரண்டி எடுத்துப் பள்ளத்தை அடைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் காலை ஊன்றும்போதே நொறுங்கலாம் என்றார் எலும்பு டாக்டர். தெருத்தெருவாக நடந்து பிழைக்கிறவன் நான்.

“துண்டு யாரு செய்வாங்க டாக்டர்?”

“வேற யாரு? உங்க அக்காதான்.”

திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டையோடு ஆய்வகத்துக்குப் போனேன். அக்கா சூளையிலிருந்து எடுத்த துண்டைக் கண்ணாடித் தட்டில் ஏந்தி வராந்தாவுக்கே ஓடி வந்தாள். முகமெல்லாம் பல்.

“எப்படிடா இருக்கு?”

“அடேயப்பா! சும்மா மொழுமொழுன்னு இருக்கே!”

சொன்னதுதான் தாமதம், அவள் முகம் செத்துப்போயிற்று. விறுவிறுவென்று உள்ளே போனாள். நானும் கட்டையை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். துண்டின் மேல் ரோஸ் நிறத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டாள். சூளையிலிருந்து எடுத்த கையோடு ஒவ்வொரு துண்டுக்கும் செய்கிற சோதனை அது. எனக்குக் காட்டுகிற அவசரத்தில் மறந்திருந்தாள். சொட்டு உள்ளே இறங்கி அடியில் எட்டிப்பார்க்க வேண்டும். அது மேலேயே பரவி நின்றது.

“மூணு பூச்சு குடுத்துட்டேன்டா,” என்றாள். “நீ நாள் பூரா நடக்கிறவன். இன்னும் கொஞ்சம் பலமா இருக்கட்டுமேன்னு...”

“பலமா இருந்தா நல்லதுதானே? இதையே வைக்கச் சொல்லு.”

“எல்லா ஓட்டையும் அடைஞ்சுபோச்சு. எலும்பு எந்த வழியாடா உள்ள வரும்?”

“வராட்டிப் போகுது! அதுக்குள்ள கால் உடைஞ்சா உன் ஓட்டையா வந்து தாங்கும்?” என்று கத்தினேன்.

அவள் சுத்தியலை எடுத்து ஒரே போடு. துண்டு தூளானது.

நேராக டாக்டரிடம் போய், தப்பு என்னுடையது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆபரேஷன் பத்து நாள் தள்ளிப்போனது. அத்தனை நாளும் நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அவளோடு பேசவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவாள். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

புதுத் துண்டு சொரசொரவென்று, கரையான் அரித்த கட்டை மாதிரி அசிங்கமாக இருந்தது.

“எல்லாருக்கும் செய்யற மாதிரிதான் உனக்கும். ரெண்டே பூச்சு,” என்றாள். அதைத்தான் என் காலில் வைத்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து என் காலை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அதற்குள் நான் பழையபடி பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துத் தேடினாள்.

“டாக்டர், என் துண்டு எங்க?”

“காணோமேம்மா. எலும்பாவே மாறிடுச்சு. எது உங்களுது, எது அவருதுன்னு எனக்கே தெரியல.”

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அக்கா போய் இரண்டு வருஷமாகிறது. அவள் கையால் செய்தது ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாமே என்று ஆய்வகத்தில் போய்க் கேட்டேன். நல்லதெல்லாம் யார் யார் உடம்பிலோ எலும்பாகிவிட்டது என்றார்கள். அவள் மேசை இழுப்பறையில் ஒரு மருந்துப் புட்டி மட்டும் இருந்தது. உள்ளே வெள்ளைத் தூள். ஒட்டியிருந்த சீட்டில் அவள் கையெழுத்து: ‘தம்பிக்கு மூன்று பூச்சு.’

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.