கண்ணாடியில் ஒரு பூரி

எட்டு மாதம் தேய்த்தேன். டாலிகஞ்ச் வீட்டில், கனத்த கண்ணாடி வட்டம் ஒன்றை இன்னொன்றின்மேல் வைத்து, நடுவே சாணைப் பொடியும் தண்ணீரும் விட்டு, தொலைநோக்கிக்கு வேண்டிய குழிவு வரும்வரை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு இட்லிக்கா, தோசைக்கா?" என்பார். "நிலாவுக்கு" என்பேன்.

குழிவு சரியா என்று சோதிக்கும் கருவி சால்ட் லேக்கில் ஒரு தாதாவிடம் இருந்தது. தாதா என்றால் இங்கே வங்காளத்தில் அண்ணன்; தீதி என்றால் அக்கா. ஓய்வுபெற்றபின் தொலைநோக்கி செய்கிறவர். போனிலேயே வங்காளியில் கறாராகச் சொல்லிவிட்டார்: "சரியா வரலேன்னா ஹவுரா பட்டறையில மிஷின்ல குடுத்துடணும், தீதி." மிஷின் தொட்டால் அப்புறம் அது எப்படி என் கண்ணாடி?

கண்ணாடியின் பளபளத்த முகத்தில் கீறல் விழக்கூடாதே என்று, துண்டில் சுற்றி, அந்த முகத்தை என் பக்கம் திருப்பி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வெயிலில் வண்டி மாறிப் போனேன்.

பட்டப்பகலில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டி அறையை இருட்டாக்கினார். எதிரே ஒரு பொட்டு வெளிச்சம். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியை பிளேடு விளிம்பால் மெல்ல மறைத்தால், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். பார்த்தவர் சிரித்தார்.

"நடுவுல நல்ல பூரி, தீதி!"

நானும் பார்த்தேன். உப்பித்தான் இருந்தது.

"மிஷின்ல குடுங்க. சமையல்கட்டுக் கைக்கு இது வராது."

சுருக்கென்றது. "தர மாட்டேன். பூரின்னா சூட்டுல உப்பினதுதானே? ஆறினா அமுங்கிடும்."

அவர் விழித்தார். பிறகு தன் தொந்தியைத் தட்டிக் காட்டினார். "திங்கிற பூரி இல்ல, இது!"

வங்காளியில் தொப்பைக்கு உள்ள சொல் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் தமிழ்க் காதில் பூரியாகத்தான் விழுகிறது. அவர் தொப்பையைப் பார்த்தேன். குனிந்து என்னுடையதையும் பார்த்தேன். ஒரு மணி நேரம் கண்ணாடி ஒட்டிக்கொண்டு வந்தது இதோடுதானே!

"அப்ப இது என் தொப்பைதான், தாதா. என் உடம்புச் சூடு. ஒரு மணி நேரம் யாரும் தொடக்கூடாது."

"கண்ணாடி டயட் இருக்குமா?"

"என்னைவிட நல்லா இருக்கும்."

டீ வந்தது. இரண்டாவது டீயும் வந்தது. அவர் மறுபடி போய் பிளேடை நகர்த்தினார். சிரிப்பைக் காணோம். என்னைக் கூப்பிட்டார். நடு மேடு போயிருந்தது. முழு வட்டமும் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக மங்கியது, ஓரத்தைத் தவிர.

"விளிம்பு சரிஞ்சிருக்கு" என்றார், விடாமல். "இதுக்காவது மிஷின்..."

"விளிம்பு நிஜமான தப்பு. ஒத்துக்கறேன். எட்டு மாசம் தேய்ச்ச கை இன்னும் ரெண்டு மாசம் தேய்க்கும்."

திரும்பும்போது மூட்டையை உடம்பில் படாமல் தள்ளியே பிடித்திருந்தேன். ஆட்டோக்காரர் தன் வண்டிக் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "விழுந்துடும் தீதி, கட்டிப் பிடிச்சுக்கோங்க" என்றார்.

"மாட்டேன்" என்றேன்.