கேமரா வீட்டு நேசம்மாள் டீச்சர்

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தால் போதும், நேசம்மாள் டீச்சர் கண்ணை மூடிவிடுவார். ஏணியில் பாதி ஏறிய கேமரா மெக்கானிக் முத்துநாயகம் அப்படியே நிற்க வேண்டும். எலி கடித்த வயரை மாற்றுவதற்கும் ஜெபம்தான். குவைத்திலிருக்கும் மகன் எட்சனில் தொடங்கி ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் ஆமென் வரும். கேமரா மாட்டிய நாளிலிருந்து, ஆறு வருடமாக, முத்துநாயகத்துக்கு இது ஒரு மனத்தாங்கல். அடுத்த வீட்டு வேலை கிடக்கும். கால் வேறு கடுக்கும்.

டீச்சருக்கு எழுபத்திநாலு வயது. திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்து நடுவில் தனி வீடு. கேட்டில் ஆள் வந்தால் டிவியில் முகம் பார்த்து, பெயர் கேட்டு, "ஆருக்க மவன்?" என்றும் கேட்டுத்தான் பூட்டைத் திறப்பார். முத்துநாயகத்துக்கும் விலக்கு கிடையாது. "ஹெல்மெட்ட கழத்து மக்கா, மொகம் தெரியல்ல."

அப்படிப்பட்டவரை நேற்று ஒருத்தன் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். கேட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் முத்துநாயகத்தின் பெயரைப் படித்திருக்கிறான். அவர் தொழிலை விட்டாச்சு, அவர் பார்த்த வீடெல்லாம் இனி எங்கள் கம்பெனிக்கு என்றானாம். கேமரா படம் பதியும் பழைய பெட்டி இனி ஓடாது, புதுசு இலவசம் என்றானாம். டீச்சர் தயங்கவும், "தொடங்கும் முன்ன ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டா அம்மா?" என்று அவனே கேட்டிருக்கிறான். அதோடு முடிந்தது. நன்றாக ஓடிய பெட்டியைக் கழற்றிக்கொண்டு, மாதாமாதம் பேங்கிலிருந்து பணம் பிடிக்கும் மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கிப் போய்விட்டான்.

முத்துநாயகம் வந்து பார்த்தால், புதுப் பெட்டி எங்கேயோ கழித்துப் போட்டது. படமே வரவில்லை.

"எனக்கு ஒரு போன் போட்டா என்ன டீச்சர்?"

"அவன் உருகி ஜெபிச்சான் மக்கா. நீ ஒருநாளாவது ஆமென் சொல்லியிருக்கியா?"

முத்துநாயகம் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தார்.

பேங்குக்குச் சொல்ல வேண்டும், ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதற்கெல்லாம் டீச்சர் தலையாட்டினார். உட்காரவில்லை. அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். போன மாதம் கேஸ் அடுப்பை அணைக்க மறந்ததற்கே எட்சன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: இனி ஒரு தப்பு நடந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு, அம்மாவை நாகர்கோவில் முதியோர் இல்லத்தில் சேர்ப்பானாம்.

போன் அடித்தது. குவைத் நம்பர். நேற்றிலிருந்து கேமரா வழி வீடு அவன் போனில் தெரிந்திருக்காது.

டீச்சர் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த போனைச் சேலைத் தலைப்பில் துடைத்து முத்துநாயகத்தின் கையில் வைத்தார்.

"இடி வெட்டிப் பெட்டி போச்சுன்னு சொல்லு மக்கா. நீ சொன்னா நம்புவான்."