கை தட்டாதே என்று சொன்ன சித்தி

எங்கள் குடும்பத்துக்கே கை தட்டக் கற்றுக்கொடுத்தவர் மாமா. அம்மாவின் அண்ணன், அல்சூரில் டயர் கடை வைத்திருந்தார். தெரியாத விஷயம் என்றால் அவருக்குக் குரல் இன்னும் கணீரென்று வரும். ஆசிய அளவிலான ஹெப்டத்லான் போட்டி நம்ம பெங்களூரிலேயே நடக்கிறது, அதில் அவருடைய கடைசித் தங்கை, அதாவது என் சித்தி, கலந்துகொள்கிறாள் என்று தெரிந்ததும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிவியில் நீளம் தாண்டுதலைப் பார்த்துவிட்டு வந்து, மொட்டைமாடியில் எங்களுக்கு ஒத்திகை வைத்தார். அவள் ஓட ஆரம்பிக்கும்போது மெதுவாகத் தட்ட வேண்டும், ஓட ஓட வேகம் கூட்ட வேண்டும், தாண்டுவதற்கு முன் மிதிக்கிற பலகையில் கால் வைக்கும்போது மைதானமே அதிர வேண்டும். எனக்கு ஒன்பது வயது. உள்ளங்கை சிவக்கத் தட்டிப் பழகினேன்.

ஹெப்டத்லான் என்றால் இரண்டு நாளில் ஏழு போட்டிகள். ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாம் அதில் அடக்கம். எதிலுமே முதல் மார்க் வாங்காமல்கூட மொத்தத்தில் ராங்க் வாங்கிவிடலாம், ஆனால் ஒன்றில் பூஜ்யம் வாங்கினால் கதை முடிந்தது என்று சித்தி எனக்கு விளக்கியிருந்தாள். அவள் குழந்தை பெற்று மறுபடி மைதானத்துக்கு வந்தவள். பிள்ளைக்காரிக்குப் பயிற்சி முகாமில் எதற்கு இடம் என்று ஏற்கெனவே பேச்சு கிளம்பியிருந்தது. பதக்கம் வந்தால்தான் அந்த வாய்கள் மூடும். சித்திக்கோ கவலையே கிடையாது. கடைக்குப் போய்க் கொத்தமல்லிக் கட்டு வாங்கி வருகிற குரலில், வாங்கிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் நாள் முடிவில் மூன்றாம் இடத்தில் இருந்தாள். இரண்டாம் நாள் காலை நீளம் தாண்டுதல். பிரிஞ்சி நிறைந்த டப்பாக்களோடு சொந்தபந்தம் மொத்தமும் மணல்குழிக்கு எதிரிலேயே இடம் பிடித்தது. பின்வரிசைக்காரர்களிடம் மாமா, நம்ம ஹுடுகி, நம்ம பொண்ணு என்று கன்னடத்திலும் தமிழிலுமாகச் சொல்லி, அவர்களையும் கை தட்டச் சேர்த்துக்கொண்டார்.

சித்தி ஓடி வந்தாள். நாங்கள் தட்டினோம். அவளுடைய கால்களும் எங்கள் கைகளோடு வேகமெடுத்தன. தாண்டிய மாத்திரத்தில் சிவப்புக் கொடி உயர்ந்தது. பலகையைத் தாண்டி மிதித்துவிட்டாளாம், கணக்கில் சேராதாம். நடுவருக்குக் கண் அவிஞ்சுபோச்சு என்று மாமா தீர்ப்புச் சொன்னார். இரண்டாவது முறை இன்னும் பலமாகத் தட்டினோம். மறுபடியும் சிவப்பு. மொத்தமே மூன்று வாய்ப்புதான். அதுவும் போனால் பூஜ்யம், பதக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

சித்தி கம்பித் தடுப்பருகே வந்தாள். அங்கே நின்றிருந்த பயிற்சியாளரை விட்டுவிட்டு நேரே எங்களிடம் வந்தாள்.

"அண்ணா, கை தட்டாத. எல்லாரையும் கம்முனு உக்கார வை."

"உனக்குத்தானேம்மா தட்டுறோம்," என்றார் மாமா.

"தெரியுது. வேணாம்."

மாமா உட்கார்ந்தார். அவர் வாயடைத்து உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சித்தி ஓட்டம் தொடங்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்தாள். எங்கள் பக்கம் சத்தமே இல்லை. ஓடி வந்து, பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே காலை ஊன்றித் தாண்டினாள். வெள்ளைக் கொடி. தூரமோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பள்ளிக்கூடத்திலேயே இதைவிட நன்றாகத் தாண்டினவள் என்று மாமா முனகினார். சித்தி ஐந்தாம் இடத்துக்கு இறங்கினாள். எனக்கு முகம் எரிந்தது. ஊரே பார்க்கும்போது சொந்தக்காரர்களை அடக்கிவிட்டு, கடைசியில் இவ்வளவுதானா தாண்டினாள்? அன்று பிரிஞ்சி எனக்கு இறங்கவில்லை.

ஆனால் அடுத்து ஈட்டியை எறிந்தாள் பாருங்கள், விட்ட புள்ளிகளில் பெரும்பகுதி திரும்பி வந்தது. மறுபடி மூன்றாம் இடம். மாலையில் எண்ணூறு மீட்டர் ஓட்டம் மட்டும் பாக்கி. நாலாம் இடத்துக்காரி ஓட்டத்தில் கெட்டிக்காரி, புள்ளியிலும் ஒட்டிக்கொண்டு வந்தாள். சித்தி அவளை முந்த வேண்டாம், ரொம்பத் தூரம் விடாமல் பின்னாலேயே ஓடி முடித்தால் போதும். கடைசி வளைவில் அவள் சித்தியைத் தாண்டினாள். சித்தி விடாமல் அவள் முதுகிலேயே கண்ணாக ஓடினாள். மைதானம் முழுக்கக் கத்தியது. நாங்கள் மட்டும் பிரார்த்தனைக் கூட்டம் போல மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

வெண்கலம் கிடைத்தது. அத்தனை நேரம் மோதிக்கொண்டவர்கள் எல்லோரும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். எங்கள் முன்னால் வந்ததும் சித்தி நின்றாள்.

"ஏன் யாருமே கை தட்டல?"

"நீதானே வேணாம்னே," என்றார் மாமா. அதற்கப்புறம் நாங்கள் தட்டிய தட்டலில் காவல்காரர் எழுந்து வந்துவிட்டார்.

வீடு திரும்ப மெட்ரோ நிலையத்தில் நின்றோம். சித்தியின் தோளில் அவள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள்மேல் காலையில் கோபமா என்று மெல்லக் கேட்டேன்.

"கோபமில்லடி. நீங்க தட்டுறப்போ ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. காலு என் பேச்சக் கேக்காம உங்க கையோட ஓடுச்சு. அதான் பயந்துட்டேன்."

எங்கள் சித்தி பயப்படுவாளா? அதுவும் சந்தோஷத்துக்குப் போய் யாராவது பயப்படுவார்களா? களைப்பில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் இடம் பிடிக்க ஓடிவிட்டேன்.