சிரிக்க வைத்தவரின் முன்பல்

ஊரார் வாயைத் திறக்க வைத்தே பிழைத்த ஒரு மனிதர், தன் வாயைத் திறக்க வேண்டிய நாள் வந்தால் யாரை நம்புவார்? வெண்டெலின் முன்னால் இந்தக் கேள்வி அவருடைய எழுபதாவது வயதில், நவம்பரில் வரும் மார்ட்டின் பண்டிகைச் சாப்பாட்டின் நடுவில் வந்து நின்றது. வாத்துக் காலைக் கையில் பிடித்து இழுத்துக் கடித்தார். சதை வரவில்லை, பல் முறிந்து வந்தது. மேல்வரிசையில் நட்டநடுப் பல்.

மனைவி இர்மா எட்டிப் பார்த்தாள்.

"அடடா, கதவு திறந்துகிச்சே. இனிமே நீ பொய் சொன்னா காத்து வரும், கண்டுபிடிச்சிடலாம்."

"வாத்து எங்க வாங்கின?"

"ஏன், வாத்து மேலயும் சந்தேகமா?"

"எங்க வாங்கினேன்னு கேட்டேன்."

"சந்தையிலதான். செத்த வாத்து உனக்கு எதிரா சதி பண்ணாது கிழவா. வாயைக் கொப்புளி."

வெண்டெல் ஆஸ்திரியாவை ஒட்டிய இந்த ஊரின் எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற அதிகாரிகள் காரின் பின்பக்கத்தைத் திறப்பார்கள், இருக்கையைத் தூக்குவார்கள், சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். வெண்டெல் ஜன்னல் பக்கமாகக் குனிந்து ஒரு வேடிக்கை சொல்வார். காரில் இருப்பவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பார். மறைக்க எதுவும் இல்லாதவன் வேடிக்கை நன்றாக இல்லாவிட்டாலும் வாய்விட்டுச் சிரிப்பான். மறைப்பவன் உதட்டால் மட்டும் சிரிப்பான் என்பது அவருடைய கணக்கு. அது பெரும்பாலும் தப்பவில்லை. தப்பாததே அவருக்குக் கேடாகவும் போனது. வேலையை விட்டு வந்த பிறகும் அவரால் ஒரு சிரிப்பை வெறும் சிரிப்பாகப் பார்க்க முடியவில்லை. பாதிரியார் சிரித்தால் நன்கொடை கேட்கப் போகிறார் என்று தெரிந்துகொள்வார். மருமகன் சிரித்தால் காரின் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

பல் போனதற்கு இந்த ஊரில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பேக்கரிகளை விடப் பல் கிளினிக்குகள் அதிகம். இங்கே செலவு குறைவு என்று ஒவ்வொரு காலையும் எல்லைக்கு அந்தப் பக்கம் வியன்னாவிலிருந்து பேருந்து பேருந்தாக வந்து இறங்குகிறார்கள். மாலையில் வெள்ளை வெளேரென்ற வாய்களோடு திரும்பிப் போகிறார்கள். வெண்டெல் அந்தக் கிளினிக்குகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கத் தொடங்கினார்.

சாவடியில் விசாரித்த அதே முறைதான். ஒரே கேள்வியை வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் ஒரு விதமாகக் கேட்பார், உதவியாளரிடம் வேறு விதமாக, டாக்டரிடம் இன்னொரு விதமாக. வலிக்குமா? எத்தனை வருஷம் வரும்? பக்கத்துப் பல்லைத் தொடுவீர்களா? நிறம் ஒத்துப்போகுமா? தூங்கும்போது கழன்று தொண்டைக்குள் போய்விட்டால் யார் பொறுப்பு?

மூன்றாவது கேள்விதான் அவருக்கு உயிர். உடைந்த பல்லுக்கு இருபுறமும் இருந்த பற்கள் மஞ்சளாகத்தான் இருந்தன, ஆனால் கல் மாதிரி இருந்தன. ஒரு நாள்கூட வலித்ததில்லை. பிரிட்ஜ் கட்ட வேண்டுமென்றால் அந்த இரண்டையும் அரைத்துச் சிறு முளைகளாக்க வேண்டும், அவற்றின் மேல்தான் நடுப்பல் தொங்கும். அரைத்த பல் திரும்ப முளைக்காது. வேண்டாமென்றால் உடைந்ததன் வேரையும் பிடுங்கிவிட்டு, தாடை எலும்பில் திருகு இறக்கி இம்ப்ளான்ட் வைக்கலாம். எல்லாக் கிளினிக்கிலும் இந்த இரண்டு வழிகளைத்தான் சொன்னார்கள். எல்லாக் கிளினிக்கிலும் வலிக்காது என்றார்கள். எல்லாக் கிளினிக்கிலும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

"அப்போ சரிதானே? எல்லாரும் ஒண்ணையே சொன்னா அது நெஜம்தானே?" என்றாள் இர்மா.

"ஒரு கார்ல நாலு பேரு வர்றான். எங்க போயிட்டு வர்றீங்கன்னு தனித்தனியா கேக்கறேன். நாலு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்றான். அப்ப என்ன அர்த்தம்?"

"நாலு பேரும் அங்கதான் போயிருக்காங்கன்னு அர்த்தம்."

"ஒத்திகை பாத்துட்டு வந்திருக்கான்னு அர்த்தம்."

இர்மா உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப ஒத்திகை பாக்காத ஒருத்தி இருக்காளே, அவகிட்ட போ. ஆம்ப்ருஷோட பொண்ணு."

வெண்டெலின் நாக்கு பல்லின் சந்துக்குள் போய் வந்தது.

ஆம்ப்ருஷ் இந்த ஊரின் பல் கட்டும் தொழிலாளி. அரசாங்க மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து, பல்லின் மேல் உறை போல மாட்டும் கேப்பும் பல் செட்டும் செய்துகொண்டிருந்தவர். அந்தக் காலத்தில் பல்லுக்கு வேண்டிய தங்கம் இங்கே சுலபத்தில் கிடைக்காது, எல்லைக்கு அந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். 1983 இலையுதிர் காலத்தில் ஆம்ப்ருஷ் வியன்னாவில் உறவினரைப் பார்த்துவிட்டுப் பத்து வயது மகளோடு காரில் திரும்பினார். ஜன்னலில் குனிந்தவர் வெண்டெல்.

"கார்ல கோழி ஏதாவது இருக்கா? சேவல் இருந்தா கொண்டையைக் கழட்டச் சொல்லுங்க. பாஸ்போர்ட் போட்டோவோட ஒத்துப் பாக்கணும்."

பின்னிருக்கையில் இருந்த சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள். முன்னால் இருந்த அப்பா உதட்டை மட்டும் இழுத்தார். குழந்தை அப்படிச் சிரித்திராவிட்டால் அந்த மூடிய உதடு வெண்டெலின் கண்ணில் பட்டிருக்குமோ என்னவோ. பட்டுவிட்டது. காரைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்.

ஆம்ப்ருஷ் தன்னுடைய நல்ல பற்களின் மேல் தங்கக் கேப்புகளை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் அளவுக்கே வார்த்தவை. மற்றவை சுலபமாகக் கழன்றன. முன்பல்லில் இருந்தது மட்டும் இறுகப் பிடித்திருந்தது. சாவடியின் டாக்டர் இடுக்கியால் இழுத்தபோது உள்ளே இருந்த பல்லும் முறிந்து கூடவே வந்தது. வெண்டெல் சட்டப்படி எழுத வேண்டியதை எழுதினார், கையெழுத்து வாங்கினார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆம்ப்ருஷுக்கு அரசாங்க வேலை போனது.

பிறகு காலம் மாறியது, கிளினிக்குகள் முளைத்தன, ஆம்ப்ருஷின் கைக்கு மறுபடி மதிப்பு வந்தது. வியன்னாக்காரர்களின் வாயில் அவர் செய்த முன்பற்கள் எத்தனையோ இருக்கும். தனக்கு மட்டும் அவர் ஒன்று செய்துகொள்ளவில்லை. சந்தையின் முன்வாசலில் வெண்டெலைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி, அந்தச் சந்து முழுதும் தெரிய வாய்விட்டுச் சிரித்து, "வணக்கம், ஆபீசர்" என்பார்.

அந்தச் சிரிப்பு என்ன என்பதை வெண்டெலால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. சாபமா, கேலியா, மன்னிப்பா, அல்லது அந்த மனிதர் சும்மா சிரித்தாரா? வாய் முழுக்கத் திறந்திருந்தது. அவருடைய கணக்குப்படி மறைக்க எதுவும் இல்லாதவனின் சிரிப்பு அது. அந்தக் கணக்கையே அந்தச் சிரிப்பு சந்தேகிக்க வைத்தது. ஆம்ப்ருஷ் இறந்து சில வருடங்கள் ஆகியும் வெண்டெல் காய்கறி வாங்கச் சந்தையின் பின்வாசல் வழியாகத்தான் போவார்.

அந்தச் சிறுமிதான் கிங்கா. இப்போது தேவாலயத்தின் பின்தெருவில், பேருந்து நிற்காத இடத்தில், சிறிய கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர்.

"அவ கையில மிஷினைக் குடுத்துட்டு நான் வாயைத் திறந்து படுக்கணும். அதானே சொல்ற?" என்றார் வெண்டெல் மறுநாள் காலையில், யாரும் கேட்காமலே.

"நான் எதுவும் சொல்லலையே. காப்பி ஆறுது."

"மத்தவனுக்கெல்லாம் என்ன வேணும்னு எனக்குத் தெரியாது. இவளுக்கு என் மேல என்ன கோவம்னாவது தெரியும். தெரிஞ்ச ஆபத்து நல்லது."

"காதல் கடிதம் மாதிரி இருக்கு. போய்ட்டு வா."

கிங்கா அவரை அடையாளம் கண்டாளா என்பது முகத்தில் தெரியவில்லை. "வாங்க, வெண்டெல் மாமா" என்றாள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. அவள் சிரிக்கவும் இல்லை. அதைக் குறித்துக்கொண்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"வேர் நல்லா இருக்கு மாமா. இதை ஏன் பிடுங்கணும்? ரூட் கெனால் பண்ணிட்டு, உள்ள ஒரு ஊசி மாதிரி நட்டு, அது மேல கேப் போட்டுடலாம். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம்."

"மத்தவங்க எல்லாம் பிரிட்ஜ், இல்லைன்னா இம்ப்ளான்ட்னாங்களே?"

"அவங்க சொன்னதும் தப்பில்ல. செய்யலாம். நான் செய்ய மாட்டேன்."

"எத்தனை வருஷம் வரும்?"

"தெரியாது."

வெண்டெல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரியாதா?"

"அஞ்சு வருஷம் வரலாம், பதினஞ்சு வரலாம். வேர் என்னைக்காவது பிளந்தா அன்னைக்கோட போச்சு. அப்ப பிடுங்கிட்டு இம்ப்ளான்ட்தான்."

"வலிக்குமா?"

"மரத்துப்போக ஊசி போடுவேன். அந்த ஊசி வலிக்கும். வேலை முடிஞ்சு ரெண்டு நாள் உறுத்தும்."

உதவியாளர் நோரா வெளியே வந்தபோது அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். "எனக்கெப்படித் தெரியும் மாமா? நானா உங்க வாய்க்குள்ள இருக்கேன்?" என்றாள் அவள். ஒத்திகை இல்லை. வீட்டுக்கு நடந்துவரும்போது ஒத்திகை இல்லாததே அவரைக் குடைந்தது. பக்கத்துப் பற்களைத் தொடாமல் விடுகிறேன் என்று அவள் ஏன் சொல்ல வேண்டும்? அவருக்கு எது உயிரோ அதை அவளாகவே கையில் எடுத்துக் கொடுக்கிறாள். தூண்டிலில் புழுவை அப்படித்தான் மாட்டுவார்கள். இரண்டு இரவு யோசித்தார். மூன்றாவது நாள் போய் நாற்காலியில் படுத்தார்.

ஊசி வலித்தது. அவள் சொன்னபடியே வலித்தது. வேருக்குள் வேலை நடந்தபோது கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். இயந்திரம் பக்கத்துப் பல்லை நெருங்கும்போதெல்லாம் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கினார். அது ஒருமுறைகூடப் பக்கத்தில் படவில்லை. இரண்டு நாள் உறுத்தியது, பிறகு நின்றது. சொன்னதெல்லாம் சொன்னபடி நடந்தால் கடைசியில் ஏதோ ஒன்று பாக்கியிருக்கும் என்று இர்மாவிடம் சொன்னார்.

அது டிசம்பரில் வந்தது. கேப்புக்கு அச்சு எடுக்கும் நாள். மாவு மாதிரி ஒன்றைத் தட்டில் குழைத்து மேல்வரிசை முழுதும் அழுத்தி, இறுகும்வரை அசையக் கூடாது, பேசக் கூடாது என்றாள் கிங்கா. நோரா பின்னறைக்குப் போனாள். கிங்கா தட்டை விரலால் தாங்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். வானொலியில் எல்லைத் தடுப்புகளைக் கிறிஸ்துமசுக்குள் எடுத்துவிடப் போவதைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சேவல் ஞாபகம் இருக்கா மாமா?"

வெண்டெலின் தொண்டைக்குள் ஏதோ சத்தம் வந்தது.

"அசையாதீங்க. அச்சு கலைஞ்சிடும்." அவள் குரல் உயரவில்லை. "கொண்டையைக் கழட்டச் சொன்னீங்க. நான் அப்படிச் சிரிச்சேன். அன்னைக்கு அப்பா கார்ல ஏறும்போதே சொல்லியிருந்தாரு, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் சிரிப்பு காட்டாத, எனக்குப் பல்லு வலிக்குதுன்னு. எனக்கு மறந்துபோச்சு."

அவர் அவள் முகத்தைக் கீழிருந்து பார்த்தார். அந்தக் கோணத்தில் எந்த முகத்தையும் படிக்க முடியாது. கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. வாய் நிறைய மாவு இருந்தது.

"ரொம்ப நாள் அது நான் பண்ணின தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன். அப்பாகிட்ட ஒருதரம் கேட்டேன். நல்ல ஜோக்குதானே, சிரிக்காம என்ன பண்ணுவே, அப்படின்னாரு." மாவை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஆச்சு. இப்ப எடுக்கலாம்."

தட்டு ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது. வெண்டெல் நாக்கால் இரண்டு பக்கத்துப் பற்களையும் தடவிப் பார்த்தார். இரண்டும் இருந்தன. வாய் காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் எதையும் கேட்கவில்லை. வாய் கொப்புளிக்கத் தண்ணீர் கொடுத்தாள், கொப்புளித்துத் துப்பினார்.

நோரா நிற மாதிரிகளோடு வந்தாள். விசிறி மாதிரி விரியும் சின்னச் சின்னப் பற்கள், பால் வெள்ளையிலிருந்து பழுப்புவரை. ஒவ்வொன்றாக அவர் உதட்டோரம் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதோ இது, மாமா. உங்க மஞ்சளுக்கு அச்சு அசல் இதுதான். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, நீங்களே சாவடியில நின்னாலும்."

வெண்டெல் அந்த விசிறியைக் கையில் வாங்கி மடக்கி அவளிடமே கொடுத்தார்.

"தங்கத்துல போடுங்க" என்றார்.

"முன்பல்லுக்கா?" நோரா சிரித்துவிட்டாள். "மாமா, இப்பல்லாம் யாரும்..."

கிங்கா அவளைப் பார்த்தாள், நோரா நிறுத்திக்கொண்டாள். கிங்கா ஏன் என்று கேட்கவில்லை. அச்சுத் தட்டின் மேல் பெயரெழுதிய காகிதத்தை ஒட்டி, அதில் ஒரு சொல் சேர்த்தாள்.

கிறிஸ்துமஸ் விருந்தில் வெண்டெல் கேக்கைக் கடித்தபோதுதான் இர்மா அதைப் பார்த்தாள். "அய்யோ கடவுளே! வாய்க்குள்ள விளக்குப் போட்டுட்டு வந்திருக்கான் பாரு!" என்று கத்தினாள். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்கத் தொடங்கினாள். வெள்ளைப் பல் தீர்ந்துபோச்சா? அவ ஏமாத்திட்டாளா? கிண்டல் பண்ணினாளா? மருமகனும் கேட்டான், பாதிரியாரும் கேட்டார். சந்தையின் முன்வாசல் வழியாக நுழைந்து முட்டைக்கோஸ் வாங்கிய அவரிடம் முட்டைக்கோஸ்காரியும் கேட்டாள்.

எல்லாரிடமும் அவர் தலையைச் சற்றுக் குனிந்து, அவர்கள் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க எதுக்குக் கேக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார்.