புடலங்காய்க்குக் கட்டிய கல்

அந்த ஆவணி மாதம் முழுவதும் என் கைப்பையில் கல் இருந்தது. மொன்றியலில் எங்கள் வீடு பார்க்-எக்ஸ்டென்ஷனில். அங்கே ரயில் பாதை ஓரம் கொட்டிக் கிடக்கும் சரளையில், கோலியைவிடப் பெரியதும் எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதுமாக நாலைந்து கல் பொறுக்கி, சணல் கயிற்றோடு பைக்குள் போட்டுக்கொண்டு செயின்ட்-மிஷேலுக்குப் பஸ் ஏறுவேன். ஒரு நாள் சில்லறை தேடும்போது ஒரு கல் நழுவி டிரைவர் காலடியில் விழுந்தது. அவர் கல்லைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார், "மதாம்?" என்றார். "வெஜிடபிள்," என்றேன். அவர் கல்லைக் குனிந்து எடுத்து என் கையில் தந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புடலங்காய் பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடாவிட்டால் காய் சுருண்டுகொள்ளும். இதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என் இங்கிலீஷ் போதவில்லை, பிரெஞ்சோ வரவே இல்லை.

ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருஷம் அது. செயின்ட்-மிஷேலில் சும்மா கிடந்த ஒரு மனையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, தோட்டம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு நகராட்சி கொடுத்தது. எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும், அவ்வளவுதான். சுற்றிலும் இத்தாலிக்காரர்கள், போர்ச்சுகல்காரர்கள். யார் பாத்தியைப் பார்த்தாலும் தக்காளி குலை குலையாகத் தொங்கும். எங்கள் பாத்தியில் மட்டும் புடலை, பாகல், அவரை, மூன்றே மூன்று கொடி. மேற்பார்வைக்கு வரும் இளைஞர் வாரம் தவறாமல், "தக்காளி போடவில்லையா, மதாம்?" என்று கேட்பார். தக்காளி இல்லாமல் ஒருத்தி தோட்டம் வைத்திருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. பாவம், இரண்டு நாற்று இலவசமாகவே கொண்டுவந்து தந்தார். நன்றி சொல்லி வாங்கி, அவர் தலை மறைந்ததும் பக்கத்துப் பாத்திக்குக் கொடுத்துவிட்டேன்.

தக்காளியோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. ஆனால் அந்த வருஷம் அந்தப் பாத்தி எங்களுக்காகப் போட்டதல்ல, என் மாமியாருக்காகப் போட்டது. முந்தின புரட்டாசியில் அவர் கும்பகோணத்தில் காலமானார். தந்தி இங்கே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூத்த பிள்ளை இவர், கொள்ளி வைத்தது தம்பி. இவர் என்றால் என் வீட்டுக்காரர், விமானப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, எழுதவும் கை வரவில்லை. தந்தியைப் படித்தார், போய்த் தலைக்குக் குளித்தார், செய்ய வேண்டியதை ஏதோ தெரிந்த அளவு செய்தார், பிறகு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாதக்கணக்கில் அந்த வாய் திறக்காத மனுஷரோடு இருக்க எனக்குப் பயமாகவே இருந்தது. பனி உருக ஆரம்பித்த ஒரு நாள் தானாகவே சொன்னார்: "போகத்தான் முடியலை. வருஷத் திதியையாவது ஒழுங்காப் பண்ணணும், ராஜம். அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கப்படாது."

குறை வைக்காமல் பண்ணுவது என்றால் முதலில் காய்கறி. எங்கள் வீடுகளில் திதிச் சமையலுக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த காய் எதுவும் ஆகாது. தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ், காரட், பீன்ஸ் எல்லாம் விலக்கு. வெங்காயம், பூண்டு பேச்சே கிடையாது. இந்தக் கண்ணோடு ஜான்-டலோன் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மலை மலையாகக் குவித்திருப்பார்கள், ஒன்றுகூட உதவாது. வாழைக்காய் மட்டும் மேற்கிந்தியத் தீவுக்காரர் கடையில் கிடைத்தது. மற்றதை நாமே பயிர் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். மச்சினர் விதை அனுப்பினார். பால் வாங்கும் அட்டைப்பெட்டிகளில் மண் நிரப்பி, ஜன்னலோரம் முளைக்க வைத்து, குளிர் விட்ட பிறகு கொண்டுபோய் நட்டோம்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நியாயமில்லை. காய்கறி விஷயத்தில் அவரைத் திருப்தி செய்தவர் யாரும் பிறக்கவில்லை. வாசலில் கூடை இறக்கும் காய்க்காரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விலை சொல்வாள். புடலங்காயை நகத்தால் கீறிப் பார்த்து, "இது முத்தல்" என்று தள்ளுவார். நான் பண்ணும் புடலங்காய்க் கூட்டில் எந்நாளும் உப்பு ஒரு கல் கூடவோ குறையவோ இருக்கும். ஆனாலும் இரண்டாம் தரம் போட்டுக்கொள்வார். பாகற்காய் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. மாமனார் திதிக்கு அவரே மடியாக நின்று பாகற்காய்க் கறி பண்ணுவார், எல்லாருக்கும் பரிமாறச் சொல்லுவார், கடைசியில் சாப்பிட உட்காரும்போது தன் இலையில் விழுந்ததைத் துண்டு துண்டாக ஒதுக்கி ஓரத்தில் வரிசையாக வைத்துவிடுவார். "அவருக்குப் பிடிச்சுது, போட்டேன். எனக்கென்ன தலையெழுத்து?" என்பார். இவர் சின்னப் பிள்ளையிலிருந்து அந்த வரிசையைப் பார்த்து வளர்ந்தவர். அதனால்தான் புடலை மேலேயே கண்ணாக இருந்தார்.

புடலையோ எங்களைப் படாத பாடு படுத்தியது. ஆடி முழுக்கக் கொடி ஓடியதே தவிரப் பூக்கவில்லை. பூத்த பிறகு காய் பிடிக்கவில்லை. புடலம்பூ இருட்டும் நேரத்தில்தான் விரியும், அந்த வேளையில் அதைத் தேடி வருகிற பூச்சி இந்த ஊரில் கிடையாது போலிருக்கிறது. கடைசியில் இவர் வர்ணம் பூசும் சின்னத் தூரிகை ஒன்றை வாங்கி, பொழுது சாயும்போது ஆண் பூவிலிருந்து மகரந்தம் தொட்டுப் பெண் பூவில் தடவினார். ஆபீஸ் கோட்டோடு ஒரு மனுஷர் பூவுக்குப் பூ குனிந்து நிமிர்வதைப் பார்த்துப் பக்கத்துப் பாத்திக்காரி கொன்செட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். சிசிலிக்காரி, கறுப்பு உடுப்பு, எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் பேசும் பிரெஞ்சில் பாதி இத்தாலியன், நான் பேசும் பிரெஞ்சில் முக்கால்வாசி கை. பிஞ்சு விட்டதும் அவள்தான் முதலில் பார்த்தாள். "குக்குத்ஸா!" என்று கத்தினாள். அவள் ஊரிலும் இதே மாதிரி நீளமாகப் பந்தலில் தொங்கும் ஒரு சுரைக்காய் உண்டாம், அதன் பெயராம். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தாள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் வெம்பிப் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இன்ஜினியர் படிப்புப் படித்த என் வீட்டுக்காரர் பாய்ந்து போய் அவள் விரலைப் பிடித்து மடக்கிவிட்டார். அவள் ஒரு நிமிஷம் திகைத்துப் போய், பிறகு பெரிய ரகசியம் தெரிந்துகொண்டவளாகத் தலையை ஆட்டினாள்.

நான் கல் கட்டியபோதும் அப்படித்தான். ஏன் என்று கேட்டாள். கையால் நேராகக் கோடு போட்டுக் காட்டினேன். பிறகு, இது எங்களுக்கு முக்கியமான காய் என்பதைச் சொல்ல வேண்டுமென்று தோன்றி, "இவருடைய அம்மா," என்று இவரைக் காட்டி, வானத்தைக் காட்டி, கையைக் கூப்பினேன். அவள் கண் கலங்கிவிட்டது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எங்கள் கொடிக்கும் சேர்த்து அவளே தண்ணீர் ஊற்றினாள்.

புரட்டாசி பிறந்தது. மூன்று புடலங்காய் கை நீளத்துக்கு நேராக இறங்கியிருந்தன. அவரை இரண்டு கைப்பிடி தேறும். பாகல் கம்பி வேலியை அடைத்துக்கொண்டு காய்த்திருந்தது. திதி வாரநாளில் வந்ததால் இவர் லீவு கேட்டார். "அன்றைக்கு என் அம்மாவின் நாள்," என்று சொல்ல, மேலதிகாரி, "அன்னையர் தினம் மே மாதமல்லவா?" என்றாராம். சாஸ்திரிகளுக்கு எங்கே போவது? பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கும் எங்கள் நண்பர் ஒருவருக்கு மந்திரம் பாடம் உண்டு, அவர் நடத்தி வைப்பதாக ஒத்துக்கொண்டார். முதல் நாளே காயைப் பறித்து வந்துவிடலாம் என்று நான் சொன்னேன். இவர் கேட்கவில்லை. "பழசு வேண்டாம். அன்னிக்குக் காலம்பறவே பறிச்சுக்கலாம்," என்றார். அம்மா பிள்ளை. மாமியார் நகத்தால் கீறிப் பார்ப்பாரோ என்று பயம்.

அன்றைக்கு விடிந்ததும் போனோம். தோட்டத்துக் கதவில் கை வைத்ததும் சுரீரென்றது. புல்லெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி இருந்தது. எங்கள் புடலைக் கொடி கறுத்துத் துவண்டு கிடந்தது. கொடியில் காய் இல்லை. அவரையிலும் ஒன்று இல்லை. உறைபனி கொடியைக் கருக்கும், காயைக் கொண்டு போகாது. "யாரோ திருடிண்டு போயிட்டா," என்றார் இவர். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கொன்செட்டா கூடையோடு வந்தாள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "ஜெல்! ஜெல்!" என்று புல்லைக் காட்டித் தோளைக் குறுக்கி நடுங்கிக் காட்டினாள். உறைபனி வரப் போகிறதென்று முந்தின நாள் சாயங்காலம் ரேடியோவில் சொன்னார்களாம். எங்களுக்குச் சொல்ல வழியில்லை, வீடு தெரியாது. தன் பாத்தியை ஒழிக்கும்போது எங்களுடையதையும் பறித்துக் காப்பாற்றிவிட்டாள். கூடையைத் திறந்தாள். ஆறு கண்ணாடி ஜாடி. வட்ட வட்டமாக நறுக்கிய புடலங்காயும், முழுசு முழுசாக அவரைக்காயும், எண்ணெயிலும் வினிகரிலும் மிதந்தன. ஒவ்வொரு ஜாடியிலும் பல் பல்லாகப் பூண்டு. "பூர் லிவேர்," என்றாள், குளிர்காலத்துக்கு. பிறகு பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, மூன்று கல்லையும் கழுவித் துடைத்து, சணலோடு என் கையில் பத்திரமாக வைத்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஜாடிகளை வேலிமேல் வீசி உடைத்திருப்பேன். நாலு மாத உழைப்பு. இவரைத் திரும்பிப் பார்க்கவே பயந்தேன். ஆனால் அவள் விரல்களைப் பார்த்தேன், வினிகரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. நெடுநேரம் தூங்காமல் யாருக்கோ செய்திருக்கிறாள். "மெர்சி," என்றேன். வேறு என்ன சொல்ல? இவரும் எழுந்து வந்து தலை குனிந்து, "மெர்சி, சின்யோரா," என்றார்.

வேலியில் பாகற்காய் மட்டும் அப்படியே தொங்கியது. ஏன் இதை விட்டுவிட்டாய் என்று கேட்டேன். அவள் ஒரு காயைத் தொட்டு, முகத்தைச் சுளித்து, தூவெனத் துப்பிக் காட்டினாள். கடித்துப் பார்த்திருக்கிறாள், கெட்டுப்போன காய் என்று முடிவு கட்டிவிட்டாள். இலை கருகியிருந்தாலும் வேலியோரமாக இருந்த காய்கள் பிழைத்திருந்தன. மளமளவென்று பறித்தேன். திதிச் சமையலில் பாகற்காய் ஒன்றே நூறு காய்க்குச் சமம் என்பது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பஸ்ஸில் அதைச் சொல்லித் தேற்றினேன். இவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, "அம்மா பாகற்காய் சாப்பிட மாட்டா, ராஜம்," என்றார்.

குளித்து, மடி உடுத்தி, பாகற்காய்க் கறி, வாழைக்காய்க் கறி, பயத்தம்பருப்பு, பாயசம், வடை என்று முடிந்ததைச் சமைத்தேன். ஜாடிகளை அன்றைக்கு அடுக்களைக்குள்ளேயே விடவில்லை, குளிர்கால கோட்டு மாட்டும் அலமாரியில் வைத்துச் சாத்தினேன். நண்பர் மந்திரம் சொன்னார், இவர் திருப்பிச் சொன்னார். குரலில் ஒன்றுமே இல்லை. முடிந்ததும் நண்பர், "நன்னாவே நடந்தது மன்னி. காக்காய்க்கு வச்சுடலாம்," என்றார்.

வாழை இலைக்கு எங்கே போக? மெழுகுத்தாளில் சாதத்தை வைத்து, சமைத்ததில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வைத்து, பின்பக்க பால்கனிக் கட்டையில் வைத்தோம். காற்றுத் தூக்கியது. தாளின் மூலைகளில் அந்த மூன்று கல்லையும் வைத்து அழுத்தினேன். இவர் "கா, கா" என்று கூப்பிட்டார். எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவர் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். காக்காய் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். கம்பத்தில் ஒன்று இருந்தது, அதுவும் எழுந்து போயிற்று. "வரமாட்டா. அவ்வளவு தூரம் எப்படி வருவா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

உள்ளே திரும்பப் போனபோது இறக்கைச் சத்தம் கேட்டது. துறைமுகத்திலிருந்து ஊருக்குள் வரும் பெரிய வெள்ளைக் கடற்பறவை ஒன்று கட்டையில் இறங்கியது. நான் விரட்டக் கையை ஓங்கினேன், இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது சாதத்தை எடுத்தது, வடையை எடுத்தது. பாகற்காய்த் துண்டு ஒன்றைக் கவ்வியது, தலையை உதறிக் கீழே போட்டது. வாயில் வந்த இன்னொரு துண்டையும் ஓரத்தில் வைத்தது. மற்றதையெல்லாம் ஒரு பருக்கை விடாமல் தின்றது. மெழுகுத்தாளின் ஓரத்தில் பாகற்காய் மட்டும் கிடந்தது.

"ஒதுக்கிட்டா," என்றார் இவர். "ராஜம், அம்மா ஒதுக்கிட்டா பாரு." சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்போது பால்கனிக் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார், ஒரு வருஷத்து அழுகையை. நான் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். என் பாகற்காய்க் கறியை மாமியார் செத்தும் சாப்பிடவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதே திதிக்குக் கும்பகோணத்தில் மச்சினர் வைத்த சாதத்தைக் காக்காய் எடுத்ததாகப் பிற்பாடு தெரிந்தது. அங்கே புடலங்காய்க் கூட்டு இருந்திருக்கும். கடற்பறவை எழும்பி ஆற்றுப் பக்கமாகப் போயிற்று. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கும்பகோணம் எந்தத் திசை என்று வானத்தில் தேடிக்கொண்டிருந்தார். எனக்கோ, பனிக்காலம் முழுவதும் அந்த ஆறு ஜாடிகளை அடுக்களை அலமாரியில் எந்தத் தட்டில் வைப்பது என்ற யோசனை வந்துவிட்டது.