அப்பா கழுவும் கார்

இன்று துறைமுகச் சாலையில் எங்கள் பழைய கார் அடியில் ஏதோ முறிந்து நின்றுவிட்டது.

மெக்கானிக் அண்ணாச்சி கீழே படுத்து ஸ்குரூடிரைவரால் குத்தினார். அது தகட்டைத் துளைத்து சீட்டுக்கு முன்னால் எட்டிப் பார்த்தது.

"இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. அடித்தகடு பூராம் துரு. எந்தத் தண்ணில கழுவுதிய?"

"வீட்டு போர் தண்ணிதான், அண்ணாச்சி."

"நம்மூரு போர் தண்ணி உப்புல்லா! தெனமும் ஊத்துனா இரும்பு தாங்குமா?"

தினமும் ஊற்றுவது அப்பா. ரிட்டயர்டு ஆனதிலிருந்து விடிந்ததும் வாளியோடு காரிடம்தான் போவார். குனிந்து அடிப்பக்கம்கூடக் கழுவுவார்.

"தகடு மாத்தித் தாரேன், ஓடும். ஆனா அந்தத் தண்ணி படக்கூடாது. முடியாதுன்னா பழைய இரும்புக்கு ஒடைக்கக் குடுத்திருங்க."

சரிசெய்தால் அப்பாவிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். உடைக்கக் கொடுத்தால் சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "என்னலே சொல்லுதான்? நான் இவ்வளவு பாத்துக்கிட்டும் எப்படிலே கெட்டுச்சு?"

"இஞ்சின் போச்சுப்பா."

அப்பா வாளியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "சரி விடு. நாளையிலேர்ந்து ஒன் பைக்கைக் கழுவுதேன்" என்றார்.

அண்ணாச்சிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும்வரை யார் வீட்டிலாவது ஒரு பைக் நிறுத்த இடமிருந்தால் சொல்லுங்கள்.